ஃபிஜியில் ஊழியம்: முதல் பன்னிரண்டு வாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து, வெளியார் மார்மன் சபை என்று சொல்வது, ஃபிஜிக்கு ஊழிய அழைப்பு (முழுநேர மதப் பணிக்கான அழைப்பு) வந்திருக்கும் தமிழ் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே ஊழியம் முடித்தவன் நான். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தேன். புதியவர்களுக்கு முதல் பன்னிரண்டு வாரம் பயிற்சிக் காலம். அந்தக் காலத்தில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் வேதத்தில் தடுமாறுவதில்லை. காலில் புண், வயிற்றுப்போக்கு, கம்பானியனோடு (கூடவே தங்கி வேலை செய்யும் ஊழிய ஜோடி) மனத்தாங்கல், ஊருக்குள் தொப்பியோடு நுழைந்து வாங்கிய முறைப்பு என்று வேறு இடங்களில்தான் சிக்குகிறார்கள்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் உடம்பு, அடுத்து வீடு, கம்பானியன், மொழி, ஊர். போதனை அதற்குப் பிறகு. இறங்கிய மறுநாளே இதைத் தலைகீழாகச் செய்யத் துடிப்பவர்கள்தான் அதிகம்.

1. கிளம்புவதற்கு முன்

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயர்ப்பட்டையில் அதுதான் வரும். நம்மில் பலருக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும். எல்டர் (ஆண் ஊழியரின் பட்டம்) செல்வராஜ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியது நீங்கள்தான், அப்பா அல்ல. இரண்டு ஆண்டும், பெண்களுக்குப் பதினெட்டு மாதமும், இந்தப் பெயர்தான். ஆவணங்களில் பெயர் முன்னும் பின்னுமாக இருந்தால் விசா வேலை தொடங்கும் முன்பே சரிசெய்யுங்கள். பிறகு செய்தால் பயணத் தேதி தள்ளிப்போகும்.

பல்லைக் கவனியுங்கள். வலிக்காத சொத்தைப் பல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெளித்தீவில் இருக்கும்போது அது வலிக்க ஆரம்பித்தால் கப்பல் பிடித்துத்தான் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். ஞானப்பல் தொல்லை இருந்தால் ஊரிலேயே பிடுங்கிவிட்டு வாருங்கள்.

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகளை மருத்துவர் சொல்கிறபடி போட்டுக்கொள்ளுங்கள். ஃபிஜியில் மலேரியா கிடையாது. டெங்கு உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு.

2. பெட்டியில் என்ன

புதியவர்கள் கோட்டும் தடித்த கால்சட்டையுமாக வந்து இறங்குவார்கள். ஃபிஜியில் எல்டர்கள் வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் சூலு, காலில் செருப்பு என்றுதான் நடக்கிறார்கள். சூலு என்பது பை வைத்துத் தைத்த, முழங்காலுக்குக் கீழே வரும் கருநிற இடுப்பாடை. அலுவலகம், கோவில் எங்கும் அதுதான் மரியாதையான உடுப்பு. அதை அங்கேயே வாங்குவது நல்லது. துணி அந்த வெயிலுக்கு ஏற்றதாக இருக்கும், அளவும் சரியாக அமையும்.

வேட்டி கட்டிப் பழகியவருக்குச் சூலு கட்டுவது வேலையே இல்லை. ஆனால் வேட்டிபோல மடித்துக் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

கட்டாயம் எடுத்துப்போக வேண்டியவை: நல்ல வார் வைத்த செருப்பு இரண்டு ஜோடி, வேகமாக உலரும் உள்ளாடை, பூஞ்சைக் களிம்பு, கிருமிநாசினி, உறுதியான குடை, ஆஸ்திரேலியாவில் உள்ள மாதிரியான மின்செருகி மாற்றி. குடை மழைக்கு மட்டுமல்ல. தெருநாய் பாய்ந்து வரும்போது குடையை விரித்தால் அது நின்று யோசிக்கும்.

எடையைக் குறைத்து வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் அறிவிப்பார்கள். பேருந்திலும் படகிலும் பெட்டியைத் தூக்கப்போவது நீங்கள்தான்.

3. முதல் வாரம்: கால், தண்ணீர், தோல்

சூவா நகரம் மழைக்குப் பேர்போனது. நாந்தி, லௌத்தோக்கா பக்கம் வெயில் அதிகம். எந்தப் பக்கம் போட்டாலும் ஈரத்தோடுதான் வாழ்க்கை. தினமும் பல கிலோமீட்டர் நடை இருக்கும். ஈரக் காலோடு மூடிய காலணியில் நடந்தால் சில நாளிலேயே விரலிடுக்கு வெந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, காற்றாட விடுவது. சாப்பாடு அதற்கப்புறம்.

கொசுக்கடியைச் சொறியாதீர்கள். இது அம்மா சொல்கிற அறிவுரைபோல் இருக்கும். ஆனால் அந்த ஈரத்தில் சின்னக் கீறல்கூடச் சீழ் பிடித்துக் கட்டியாகிவிடும். கீறல் விழுந்தால் அன்றே சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, மூடி வையுங்கள். சுற்றிலும் சிவந்து சூடானால் மிஷன் (அந்தப் பகுதியின் ஊழிய நிர்வாகம்) மருத்துவப் பொறுப்பாளரை அன்றே கூப்பிடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஒத்திப்போட்டவர்கள் பிறகு ஒரு வாரம் படுத்தே கிடந்தார்கள்.

வெள்ளம் வடிந்த தெருவில் புண்ணோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. கனமழைக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் வடிகட்டினாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். பகலில் கடிக்கிற கொசுதான் டெங்குவைக் கொண்டுவருகிறது. இரவில் கொசுவலையும் பகலில் பூச்சித்தைலமும் வேண்டும். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போடாமல் மருத்துவரைப் பாருங்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

கடலில் நீந்தக்கூடாது. உலகம் முழுக்க ஊழியர்களுக்கு உள்ள விதி இது. தீவில் இருந்துகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டே போவது கொடுமைதான், வேறு வழியில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் "வாங்க குதிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். சிரித்துக்கொண்டே மறுக்கப் பழகுங்கள்.

4. வீடும் வேளையும்

காலை ஆறரைக்கு எழுவது, உடற்பயிற்சி, சாப்பாடு, தனிப் படிப்பு, இருவரும் சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு, வெளியே வேலை, இரவு ஒன்பது வாக்கில் வீடு, பத்தரைக்கு விளக்கணைப்பு. இதுதான் பழகிய சட்டகம். உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மிஷன் தலைவர் மாற்றலாம். ஃபிஜியில் நண்பகல் வெயிலில் கதவு தட்டினால் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தைப் படிப்புக்கோ துணி துவைக்கவோ ஒதுக்கிவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் முழு மூச்சாக இறங்குவது நல்லது.

துணியைக் காலையிலேயே காயப் போடாதீர்கள். நீங்கள் வெளியே போனதும் மழை வரும். வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்கு நேராகப் போடுங்கள்.

அரிசியையும் பருப்பையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மாதச் செலவுப் பணம் அட்டையில் வரும். அதை வாரக் கணக்காகப் பிரிக்காதவர்கள் மாதக் கடைசியில் நூடுல்ஸும் பிஸ்கட்டுமாகக் கழிப்பார்கள். சந்தையில் காய்கறி, கிழங்கு எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அங்கே வாங்கினால் சூப்பர் மார்க்கெட்டைவிடச் செலவு குறையும். மரவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், கத்தரிக்காய், புளி, மல்லித்தழை எல்லாம் கிடைக்கும். நம் ஆட்கள் சாப்பாட்டுக்குத் திண்டாடும் ஊரல்ல ஃபிஜி.

ஒன்றில் மட்டும் கவனம். சேம்பு இலையை அங்கே ரோரோ என்பார்கள், தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். அரைவேக்காட்டில் இறக்கினால் தொண்டை அரித்தெடுக்கும். இலை முழுக்கக் குழைந்த பிறகே இறக்குங்கள்.

5. கம்பானியன்

இருபத்துநான்கு மணி நேரமும் கண்ணுக்குத் தெரிகிற, குரல் கேட்கிற தூரத்தில் இருவரும் இருக்க வேண்டும். குளியலறை மட்டும்தான் தனிமை. அந்த இன்னொருவர் டோங்காக்காரராகவோ, அமெரிக்காவின் யூட்டாக்காரராகவோ, லம்பாசாவிலிருந்து வந்த ஃபிஜியராகவோ இருக்கலாம். நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் நாளிலேயே மூன்றைப் பேசித் தீர்த்துவிடுங்கள். யார் எந்த நாள் சமைப்பது, பாத்திரம் எப்போது கழுவுவது, கோபம் வந்தால் எப்படித் தெரியப்படுத்துவது. மூன்றாவதைப் பேசக் கூச்சப்படுவார்கள். நம் பிள்ளைகளுக்கு, வயதில் மூத்தவரிடமோ அனுபவசாலியிடமோ குறை சொல்வது வராது. மனசுக்குள் வைத்துப் புழுங்கி, ஆறாம் வாரத்தில் ஒரே நாளில் கொட்டுவார்கள். எதிராளிக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. வாரத் திட்டமிடல் முடிந்ததும் ஒருவரையொருவர் கேட்டுப் பேசச் சபையே ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறது. அதை ஒப்புக்குச் செய்யாதீர்கள். "நீ சத்தமாகச் சாப்பிடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்பதைக்கூட அங்கேதான் சொல்ல வேண்டும்.

உப்பு, காரம் விஷயத்தில் விட்டுக்கொடுங்கள். ஊறுகாயைத் தனியாகத் தொட்டுக்கொள்ளலாம்.

6. மொழி

ஃபிஜியில் ஆங்கிலம், ஃபிஜி மொழி, ஃபிஜி ஹிந்தி மூன்றும் புழங்குகின்றன. ஆங்கிலத்தால் வேலை நடக்கும். ஆனால் வாசலோடு நின்றுவிடும். பாட்டிமார் உள்ளே கூப்பிடுவது அவர்கள் மொழியில் பேசினால்தான்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஃபிஜி மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், ஆனால் ஆங்கிலம்போல வாசிக்கக்கூடாது. 'பி' (b) என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு ம் ஒலி ஒட்டியிருக்கும், 'டி'க்கு (d) முன்னால் ந் ஒலி. அதனால்தான் வரைபடத்தில் நாடி என்று தோன்றும் ஊர் நாந்தி, லபாசா என்று தோன்றுவது லம்பாசா. 'சி' (c) என்ற எழுத்து, 'அது' என்பதில் வரும் த ஒலி. போய்வருகிறேன் என்பதற்கு மொதே. புதிய சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டவர்கள், ஆங்கில எழுத்துக்கூட்டிப் படித்தவர்களைவிட வேகமாகச் சரியான உச்சரிப்புக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் ஒருமையில் பேசாதீர்கள். நம் நீங்கள்போலவே அங்கும் பன்மைதான் மரியாதை. வணக்கத்துக்கு வெறும் "புலா" நண்பர்களோடு சரி, மூத்தவரிடம் "நி ச புலா".

படிக்கும் வரிசை: முதலில் வணக்கமும் நன்றியும், அடுத்து ஜெபம், அடுத்து உங்களைப் பற்றிய நாலு வாக்கியம், பிறகுதான் பாடங்கள். ஜெபத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் "ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். தினமும் நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு அது.

7. பூர்வகுடி ஊருக்குள் நுழைதல்

இதுதான் அதிகம் சொதப்புகிற இடம். ஃபிஜியக் கிராமம் பொதுத்தெரு அல்ல. அது ஒரு குலத்தின் வீட்டு முற்றம். கதவு தட்டுவதற்கு முன்னால் ஊரையே தட்ட வேண்டும்.

முதலில் அந்த ஊரில் உறவு உள்ள சபை அங்கத்தினர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் ஊர் நிர்வாகியான துராங்க நி கோரோவிடம் முன்கூட்டிச் சொல்வார். செவுசெவு என்ற முறைப்படி, காய்ந்த யங்கோனா (காவா என்றும் சொல்லும், லேசான மயக்கம் தரும் பானத்துக்கான செடி) வேர்க்கட்டை வைத்து நுழைய அனுமதி கேட்பார்கள். அந்தப் பேச்சை அங்கத்தினரே பேசட்டும். சடங்குச் சொற்கள் உங்களுக்கு வராது, வரவும் தேவையில்லை. நீங்கள் தரையில் சம்மணமிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

யங்கோனாவைக் கரைத்துக் கொடுத்தால் குடிப்பதா என்ற கேள்வி வரும். எங்கள் சபையின் உணவு விதியான ஞான வார்த்தை விலக்குவது மது, புகையிலை, காபி, டீ. இதற்கு உங்கள் மிஷன் தலைவர் சொல்வதே விதி. முதல் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் காலத்தில் நாங்கள் குடிக்கவில்லை. அதை அங்கத்தினர் மூலமாக முன்பே சொல்லிவைத்தால் யாரும் முகம் கோணமாட்டார்கள். சிரட்டை முகத்துக்கு நேரே வந்த பிறகு தலையாட்டுவதுதான் அவமதிப்பு.

நுழையும்போது கவனிக்க வேண்டியவை: தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் ஊர் எல்லையிலேயே கழற்றுங்கள். தோள்பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்க நேர்ந்தால் குனிந்து, "துலோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போங்கள். யாருடைய தலையையும் தொடக்கூடாது, குழந்தையானாலும். நம் ஊரில் பிள்ளையின் தலையைத் தடவுவது பாசம். அங்கே தலைக்கென்று ஒரு மதிப்பு உண்டு. காலை நீட்டி உட்காராதீர்கள். இது நமக்குப் புதிதல்ல, ஆனால் ஒரு மணி நேரம் சம்மணத்தில் இருந்தால் மரத்துப்போகும், வீட்டில் பழகிவிட்டுப் போங்கள்.

வீட்டில் ஒரு பொருளைப் பார்த்து "ரொம்ப அழகு" என்று வாய்விட்டுப் புகழாதீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிடுவார்கள். பாயைப் புகழ்ந்த ஒரு புது எல்டர் அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரம்மா அதை முடையப் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரும்பாலான ஊர்களில் மெதடிஸ்ட் சபை வேரூன்றியிருக்கிறது. ஊருக்கு ஒரு சபை போதும் என்று தலைவர் சொன்னால் வாதாடாமல் நன்றி சொல்லி வெளியே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை லாலி என்ற மரமுரசு கேட்டால் ஊர் அடங்கிவிடும். அன்று சத்தமாகப் பேசிக்கொண்டு தெருவில் நடப்பதுகூடத் தவறு.

8. இந்திய வம்சாவளி வீடுகளில்

கரும்புத் தோட்டத்துக்கு 1879 முதல் 1916 வரை கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தமிழ் வம்சாவளியினரும் கணிசமாக உண்டு. நாந்தியில் சுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கிறது. 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பெயர் தமிழாக இருக்கும், வீட்டில் பேசுவது ஃபிஜி ஹிந்தி. முதியவர் சிலரிடம் சில சொற்கள் மிச்சமிருக்கும். அதைக் கொண்டு உறவு கொண்டாடலாம், பாடம் நடத்த முடியாது.

உங்கள் முகத்தைப் பார்த்ததும் "இந்தியாவில் எந்த ஊர்" என்று கேட்டு உட்கார வைப்பார்கள். கம்பானியனுக்கு இரண்டு மாதத்தில் கிடைக்காத நெருக்கம் உங்களுக்கு ஒரே நாளில் கிடைக்கும். அதை மதம் மாற்ற ஒரு குறுக்குவழியாக்காதீர்கள். பேச்சு ஊரைப் பற்றியதாக இருந்தால் அன்று அதோடு எழுந்து வாருங்கள். அடுத்த தடவை என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவர்களே கேட்கட்டும். கேட்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

டீ வரும். கண்டிப்பாக வரும். நம் வீடுகளில் டீயை மறுப்பது மனிதரையே மறுப்பதுபோல. அதனால் அடுப்பில் வைப்பதற்கு முன்பே, "ஆன்ட்டி, எலுமிச்சை இலை இருந்தால் அதைப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டுவிடுங்கள். எலுமிச்சை இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது ஃபிஜியில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். தேயிலை இல்லாததால் உங்களுக்கும் தடையில்லை.

மாட்டிறைச்சி, பன்றி பற்றிக் கம்பானியனுக்கு முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். சூவா ஹவல் ரோடு மாரியம்மன் கோவிலில் தீமிதி நடக்கும் காலத்தில் விரதம் இருக்கும் வீடுகளுக்குப் போகாதீர்கள்.

பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் எல்டர்கள் உள்ளே போகக்கூடாது. இது சபை விதி, அங்கே ஊர் வழக்கும் அதுதான். வாசலில் நின்று, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

9. பாடம் நடத்துதல்

இவ்வளவுக்கும் பிறகு இது சுருக்கமாகவே வரும். "என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்" கையேட்டின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் பாட வரிசை இருக்கிறது. புதியவர்கள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் ஊற்றிவிடுவார்கள். நாற்பது நிமிடத்துக்குள் ஒரே ஒரு கருத்து, ஒரு வேத வசனம், அவர்கள் செய்து பார்க்க ஒரு சின்ன அழைப்பு, அடுத்த சந்திப்புக்கு நாள். நாள் குறிக்காமல் எழுந்தால் திரும்ப அந்த வீட்டைப் பிடிக்கப் பல வாரமாகும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சேர்ந்து வாழும் தம்பதி சட்டப்படி திருமணம் செய்துகொண்ட பிறகே ஞானஸ்நானம் பெறலாம். பதிவுத் திருமணத்துக்கு ஆவணங்கள் தேடவே நாளாகும், எனவே இதை முன்பே பேசிவிடுங்கள்.

யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்பதை அன்று இரவே போனில் உள்ள ஊழியர் செயலியில் பதியுங்கள். மறுநாள் எல்லா வீடும் ஒன்றாகிவிடும்.

10. ஆயத்த நாள்

வாரத்தில் ஒரு நாள் துணி, சந்தை, முடிவெட்டு, வீட்டுக்குப் பேச. மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி வேலை. 2019 முதல் வாரந்தோறும் வீட்டுக்குப் பேசலாம். ஃபிஜி இந்தியாவுக்கு ஆறரை மணி நேரம் முன்னால் போகிறது. காலையில் கூப்பிட்டால் அம்மா நடுச்சாமத்தில் எழுவார். மதியம் ஒரு மணிக்குக் கூப்பிட்டால் இந்தியாவில் காலை ஆறரை. அதற்குமுன் துணி, சந்தை முடித்துவிடுங்கள். பேசிய பிறகு வீட்டு ஏக்கத்தில் எதுவும் ஓடாது.

ஊரே ரக்பி விளையாடும். முட்டி மோதி விளையாடுவது உங்களுக்கு வேண்டாம். தொட்டு விளையாடும் வகை போதும், அதிலேயே நம்மை ஓட ஓட விரட்டுவார்கள்.

11. புயல் காலம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் ஐந்தாம் வகை வேகத்தில் தாக்கி 44 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்: போன், மின்கலப் பெட்டி எல்லாவற்றையும் முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். வாளி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடியுங்கள். மின்சாரம் போனால் குழாயும் பல இடங்களில் நின்றுவிடும். பாஸ்போர்ட்டை இரட்டை நெகிழிப் பையில் போடுங்கள். பிறகு இருக்கும் இடத்தை மிஷன் அலுவலகத்துக்குத் தெரிவித்து, சொன்ன இடத்துக்குப் போய்விடுங்கள். அலை பார்க்கக் கரைக்குப் போகக்கூடாது.

புயல் ஓய்ந்ததும் கையேட்டை மூடிவைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். கூரை போன வீட்டில் பாடம் நடத்துகிற ஆளை யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

12. இடமாற்றத்துக்கு முந்தைய இரவு

இடம் மாறும்போது கிராமத்தில் சொல்லாமல் கிளம்பாதீர்கள். நுழைய அனுமதி கேட்டதுபோல விடைபெறவும் முறை உண்டு. துராங்க நி கோரோவை நேரில் பார்த்து விடைபெறுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் ஜோடிக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கும்.

செயலியில் குறிப்புகளை முடித்துவையுங்கள்: எந்த வீட்டில் விரதம், எங்கே நோயாளி, யார் இனி வரவேண்டாம் என்று சொன்னார்கள், எந்தப் பாதை மழையில் மூழ்கும். கடிக்கிற நாய் உள்ள வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். குடையை விட்டுவிட்டுப் போங்கள், புதியவர் அதைக் கொண்டுவந்திருக்கமாட்டார்.